ஆக்ரா அம்மாவுக்கு வேலூர் காட்டிய சனிக்கிழமை

எங்கள் ஆம்பூரில் யாரிடமாவது "நாளைக்கு வேலூர் போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். "ஏன், யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றுதான் கேட்பார்கள். சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் நமக்கே ஏதோ சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன், மாவட்டம் பிரிவதற்கு முன்னால் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறேன், இரண்டு மூன்று கல்யாணங்களுக்குப் போயிருக்கிறேன். கோட்டையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்து, பெரிசாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டு, இறங்குகிற இடம் தாண்டிவிடப் போகிறதே என்று எழுந்து நின்றிருக்கிறேன். எனக்கும் வேலூருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நான், தாஜ்மகால் இருக்கிற ஊரிலிருந்து வந்த ஓர் அம்மாவுக்கு வேலூரைச் சுற்றிக்காட்டும்படி ஆகிவிட்டது.

நான் ஷூ கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்கிறவள். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கிற லைனில் மிஷின் முன்னால் உட்கார்ந்து ஆரம்பித்து, இப்போது அந்த லைனுக்கே சூப்பர்வைசர். எங்கள் சாம்பிள் ரூமுக்குப் பேட்டர்ன் போட, அதாவது புது ஷூவுக்குத் தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று வரைந்து கொடுக்க, ஆக்ராவிலிருந்து ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். சின்ன வயசுப் பெண், அதற்கென்றே படித்தவள். வீடியோவில் இன்டர்வியூ, வீடியோவிலேயே வேலையும் முடிவாகிவிட்டது. தங்க இடம் வேண்டும் என்று ஆபீசில் கேட்டபோது எங்கள் மாடி அறையைத் தருவதாக நான்தான் சொன்னேன். நானும் என் வீட்டுக்காரரும் ஓவர்டைம் பார்த்துக் கட்டிய வீடு. மாடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும்.

வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பெண் எனக்கு போன் செய்தாள்.

"ஆன்ட்டி, அம்மாவும் கூட வர்றாங்க. ஊர் புடிக்கலன்னா என்னையும் திரும்பக் கூட்டிட்டுப் போய்டுவாங்களாம். ஞாயித்துக்கிழமை ரயிலுக்கு ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டாங்க."

"நீங்க வர்றது வெள்ளிக்கிழமை சாயங்காலம்தானே?"

"ஆமா ஆன்ட்டி. நடுவுல சனிக்கிழமை ஒண்ணுதான் இருக்குது. ஏதாவது நல்லதா காட்டுங்க. திரும்பிப் போனா நான் அம்மாகூட வீட்ல உக்காந்து ஷூவுக்குப் பசை தடவ வேண்டியதுதான்."

அவள் அப்பா வீட்டிலேயே பட்டறை வைத்து ஷூ தைக்கிறவர். அம்மா பசை தடவி, லைனிங் ஒட்டி, நூல் நறுக்கிக் கொடுக்கிறவர். பெண் மட்டும் படித்து வெளியே வந்திருக்கிறாள். இதையெல்லாம் கேட்டபோது எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றிக் கவலை வந்தது. அதைவிட, எங்கள் ஊரைப் பிடிக்காமல் ஒருத்தர் திரும்பிப் போவதா என்று ரோஷம் வந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர்கள் பேசியது ஆக்ரா இந்தி, நான் பேசியது எங்கள் தெரு உருது. நான் தமிழ் வீட்டுப் பெண்தான். ஆனால் மூன்று பக்கமும் உருது பேசுகிற வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவள். சண்டை போடுகிற அளவுக்கு உருது வரும். இங்கே எல்லாவற்றையும் எங்கள் ஊர்த் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், எனக்கு அதுதான் சுலபம்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லைனில் விஷயத்தைச் சொன்னேன். ஆளுக்கொரு யோசனை வந்தது. ஏலகிரிக்குக் கூட்டிப் போ என்றாள் ஒருத்தி. இரண்டு நாள் ரயிலில் குலுங்கி வந்த அம்மாவை மறுநாள் காலையில் மலை வளைவுகளில் ஏற்றினால் வாந்திதான் எடுப்பார். வாடகைக் கார் பிடித்து நாலு ஊர் சுற்று என்றாள் இன்னொருத்தி. அந்தக் காசில் அந்தப் பெண் ஒரு மாசம் சாப்பிடலாம். அதுவுமில்லாமல் நாளைக்கு அவள் பஸ்ஸில் போகப் போகிறவள், அவள் அம்மாவுக்குக் காரைக் காட்டி என்ன பிரயோஜனம்? பிரியாணி வாங்கிக் கொடு, மயங்கிவிடுவார்கள் என்றார் மெக்கானிக். ஆம்பூர் என்றாலே பிரியாணி என்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கெங்கோ இருக்கிற தேசத்துக்காரர்கள் காலில் எங்கள் கைத்தையல் நடந்துகொண்டிருக்கிறது, இவர்களுக்கு ஞாபகம் வருவது சோறு.

நான் என் வழியில் யோசித்தேன். லைன் ஓட்டுகிறவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். வேலை எங்கே தேங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். ஊர் சுற்றுவதில் தேங்குகிற இடங்கள் வெயில், பசி, பாத்ரூம், பஸ். இதையெல்லாம் சரிபண்ணிவிட்டால் மிச்சம் தானாக ஓடும். அதனால் காலையில் ஓர் இடம், சாயங்காலம் ஓர் இடம், நடுவில் நிழலில் சும்மா உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன். காலையில் கோட்டை, உள்ளே போகக் காசு கிடையாது. சாயங்காலம் விளக்கு போட்ட பிறகு தங்கக் கோயில். வீட்டுச் சாப்பாடு, அரசாங்க பஸ். அவசரம் கூடவே கூடாது. முதல் நாளே களைத்துப்போனவருக்கு எந்த ஊரும் பிடிக்காது.

எங்கள் கம்பெனியில் எந்தப் புது ஷூவையும் எடுத்த எடுப்பில் ஆயிரக்கணக்கில் தைக்க மாட்டோம். முதலில் கொஞ்சம் ஜோடி தைத்துப் பார்ப்போம். அதற்கு ட்ரையல் என்று பெயர். ட்ரையல் போடாமல் லைனை ஓட்டிவிட்டு அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் முந்தின ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வேலூருக்கு ட்ரையல் போனேன்.

"இன்னா, டூர் கைடு ஆயிட்டியா?" என்றார் அவர் பஸ்ஸில்.

"ஆமா. வாய மூடிட்டு வாங்க."

அன்றுதான் நான் முதல்முறையாகக் கோட்டைக்குள் கால் வைத்தேன். அகழியில் தண்ணீர் ததும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கல்லும் எங்கள் வீட்டுப் பீரோ அகலத்துக்கு இருந்தது. மதில் மேல் நின்று பார்த்தால் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடைத்தெரு. உள்ளே இருக்கிற கோயில் மண்டபத்தில் தூணைக் குதிரையாகவும் யாளியாகவும் செதுக்கி வைத்திருந்தார்கள். இவ்வளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா ஆஸ்பத்திரி ஊர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம் என்று எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. பிறகு வேலையைப் பார்த்தேன். பாத்ரூம் எங்கே, சுத்தமாக இருக்கிறதா, தண்ணீர்க் குழாய் எங்கே என்று பார்த்தேன். ஒரு வேப்பமரத்தைத் தேர்ந்தெடுத்து, நிழல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். வீட்டுக்காரர் துண்டை விரித்துத் தூங்கிவிட்டார். திரும்பி வரும்போது திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வந்து இறங்கினார்கள். பெண் கலகலப்பாக இருந்தாள். அம்மா ஒல்லியாக, உயரமாக, தலையில் முந்தானை போட்டு, ரப்பர் செருப்போடு வந்தார். கூட்டத்தில் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தபடியே நடந்தார். மாடி அறையைக் காட்டியதும் காற்றையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி போட்டுப் பார்த்தார்.

"கம்பெனிலேருந்து இவ எத்தன மணிக்கு வருவா?" என்று கேட்டார்.

"ஆறு, ஆறரை ஆகும்."

"அப்ப இருட்டிடுமே. ரோட்ல யார் இருப்பாங்க? எங்க தெருவுல பொம்பளைங்க வேலைக்குன்னு வெளிய போறதே கெடயாது. எல்லாம் வீட்டுக்குள்ளதான்."

"அதெல்லாம் எங்க ஊர்ல ஒண்ணும் பயமில்லைங்க."

அவர் தலையை ஆட்டினார். எல்லா ஊரிலும் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி ஓர் ஆட்டல். பெண் எனக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் மற்ற ஊரில் புடவை வைத்துக் கொடுப்பார்கள், நாங்கள் ஷூ வைத்துக் கொடுப்போம். ஏற்றுமதிக்குத் தைத்ததில் ஏதாவது சின்னக் குறை சொல்லி ஒதுக்கிய ஜோடிகளைக் கம்பெனி அவ்வப்போது எங்களுக்குக் கம்மி விலைக்குக் கொடுக்கும். அதில் நல்லதாகப் பார்த்து எடுத்து எல்லார் வீட்டுப் பீரோவிலும் இரண்டொரு ஜோடி வைத்திருப்போம். நான் வைத்திருந்தது தேன் நிறத்தில், வெண்ணெய் மாதிரித் தோலில், பெண்கள் போடுகிற மூடின ஷூ. என் லைனில் தைத்தது. என்ன குறையென்று ஒதுக்கினார்கள் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்த அம்மாவின் காலைப் பார்த்ததுமே அளவு சரியாக இருக்கும் என்று தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். கச்சிதம். கையால் தடவிப் பார்த்து, "தையல் ரொம்ப நல்லா இருக்குது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எங்க லைன்ல தச்சது. நாளைக்கு இதையே போட்டுக்கங்க" என்றேன்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், தண்ணீர் பாட்டில், விரிக்க ஒரு பெட்ஷீட் எல்லாம் என் பையில். ஜன்னல் ஓரம் அந்த அம்மா. பாலாற்றை ஒட்டிப் போகும்போது பெண் எட்டிப் பார்த்து, "இது என்ன மைதானம்?" என்று கேட்டாள். "ஆறும்மா. தண்ணி வந்தா போன் பண்றேன்" என்றேன். வேலூரில் இறங்கிக் கோட்டைக்கு டவுன் பஸ் ஏறினோம். அந்த அம்மா சுருக்குப் பையைத் திறந்து காசை நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை.

"லேடீஸுக்கு ஃப்ரீம்மா. உள்ள வச்சிக்க" என்று காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் விளக்கிச் சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. இறங்குகிற வரைக்கும் அந்த டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் திட்டத்தை நானே கொண்டுவந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கோட்டைப் பாலத்தில் நின்று அகழியைக் காட்டினேன். "நல்லா இருக்குது" என்றார். மதில் கல்லைக் காட்டினேன். "நல்லா இருக்குது." மேலே ஏறினால் மலை தெரியும் என்றேன். மேலே பார்த்தார், படியைப் பார்த்தார், "இங்கேருந்தே நல்லா இருக்குது" என்றார். நடை வர வரச் சின்னதாகிக்கொண்டே போனது. முகத்தில் சிரிப்பு இல்லை. தாஜ்மகாலைப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று நினைக்கிறாராக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. பெண் கோட்டையைப் பார்க்கவே இல்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள், ரிசல்ட் ஒட்டுகிற போர்டைப் பார்க்கிற மாதிரி.

கோயிலுக்குள் போய்விட்டு வருகிறேன் என்றார் அந்த அம்மா. செருப்பு விடுகிற இடம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அந்தத் தேன் நிற ஷூவை அங்கே விட எனக்கு மனசு வரவில்லை. "நான் பாத்துக்கறேன், நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று ஷூவை வாங்கிக்கொண்டு கல்படியில் உட்கார்ந்தேன்.

லைனில் இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷூ கையில் கிடைத்தால் போதும், கை தானாக உள்ளே போய்விடும். லைனிங் சுருங்கியிருக்கிறதா, முடிச்சு துருத்துகிறதா என்று விரல் தேடும். அன்றைக்கும் என் கை உள்ளே போனது. குதிகால் பக்கம் ஈரமாக இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தேன். விரலில் சிவப்பு.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா கோட்டையைப் பிடிக்காமல் மெதுவாக நடக்கவில்லை. நான் கொடுத்த ஷூ கடித்துத்தான் மெதுவாக நடந்திருக்கிறார். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் எந்த ஷூவும் சரியாகத்தான் இருக்கும், எழுந்து நின்று நாலு அடி நடந்து பார்க்க வேண்டும். இது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிட, அந்த ஷூ வெளிநாட்டுக் காலின் வடிவத்தில் செய்த அச்சில் தைத்தது. அவர்கள் கால் முன்பக்கம் குறுகல், அதில் சாக்ஸ் வேறு போடுவார்கள். வாழ்நாள் முழுக்கச் செருப்பில் நடந்து விரல் பரந்துபோன நம் காலுக்கு அது ஒத்தே வராது. என் லைனில் ஒருத்தியாவது தான் தைக்கிற ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறாளா? எல்லாம் ரப்பர் செருப்பு. எனக்குத் தெரியாததா? பஸ், பாத்ரூம், மரத்து நிழல் எல்லாவற்றுக்கும் ட்ரையல் பார்த்தவள், ஷூவுக்கு மட்டும் பார்க்கவில்லை. எங்கள் ஊர் ஷூவில் போய் என்ன பார்ப்பது என்கிற பெருமை.

அவர்கள் வெளியே வந்தார்கள். அந்த அம்மா படியில் உட்கார்ந்து ஷூவுக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"போடாதீங்க. கடிக்குது இல்ல?"

"அதெல்லாம் இல்ல. புதுசு. பழகிடும்."

"ரத்தம் வந்திருக்குதுங்க. எப்போலேருந்து?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். இனிமேல் மறைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. "பஸ் ஏறும்போதே" என்றார். "நீங்க ஆசையாக் குடுத்தீங்க. உங்க லைன்ல தச்சதுன்னு சொன்னீங்க. எப்படிச் சொல்றது?"

பெண் குனிந்து அம்மாவின் குதிகாலைப் பார்த்து, ஐயோ என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு மன்னிப்புக் கேட்டு அவ்வளவாகப் பழக்கமில்லை, வார்த்தை தடுமாறியது. அந்த அம்மா ஷூவை என் மடியிலிருந்து எடுத்து, முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

"இவ அப்பா முப்பது வருஷமா ஷூ தைக்கிறாரு. கால்ல பிளாஸ்டிக் செருப்புதான். எங்க தெருவுல எல்லாருமே அப்படித்தான். உங்க ஊர்லயுமா?"

"எங்க ஊர்லயும்தான்" என்றேன்.

இருவரையும் என் வேப்பமரத்தடியில் பெட்ஷீட் விரித்து உட்கார வைத்துவிட்டு, கோட்டைக்கு எதிரே கடைத்தெருவுக்குப் போனேன். அளவுக்காக ஒரு ஷூவைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். நடைபாதையில் செருப்பு விற்கிறவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"எக்ஸ்போர்ட் மாலு. சூப்பரா இருக்குது. இத வச்சிக்கிட்டு ரப்பர் செருப்பு கேக்குறியே, இன்னா விஷயம்?"

"கடிக்குது" என்றேன். இருபது வருஷத்தில் எங்கள் ஷூவைப் பற்றி நான் இன்னொருத்தரிடம் சொல்லியிராத வார்த்தை அது. அவர் சிரிக்காமல் ஒரு ஜோடி நீல வார் செருப்பைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். மருந்துக் கடையில் பிளாஸ்திரியும் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் மத்தியானம் முழுக்க அந்த மரத்தடியிலேயே இருந்தோம். அவர்கள் ஊரிலிருந்து பூசணிக்காய் மிட்டாய் கொண்டுவந்திருந்தார்கள். நான் ஆற்காட்டு மக்கன் பேடா வாங்கி வைத்திருந்தேன். மாற்றி மாற்றிச் சாப்பிட்டோம். எங்களுடையதுதான் உசத்தி என்று நான் சொன்னேன், அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வெறும் கால்களைப் புல்லில் நீட்டிக்கொண்டு அவர் பேசிய பேச்சில் காலையில் பார்த்த ஆளே இல்லை. தாஜ்மகால் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"உள்ள போனது ஒரே ஒரு தடவ. கல்யாணமான புதுசுல. அதுக்கப்புறம் எங்க போறது? பட்டறையில வேல இருக்குமே. மொட்டை மாடியில துணி காயப்போடுறப்ப வெள்ளையாத் தெரியும்."

"நான் இந்தக் கோட்டைக்குள்ள வந்ததே போன வாரம்தான்" என்றேன். என்னவோ அதைச் சொன்னதும் எங்கள் இருவருக்கும் ஒரே சிரிப்பு.

ஆனால் வெயில் இறங்க ஆரம்பித்ததும் அவர் மறுபடி பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லவங்க. வீடும் நல்லா இருக்குது. உங்களப் பாத்தா எனக்கு பயமில்ல" என்றார். "ஆனா உங்களுக்கு ஓவர்டைம் இருந்தா இவ தனியாத்தானே நடந்து வரணும்? இருட்டுன ரோட்ட நெனச்சாத்தான் எனக்குத் தூக்கம் வரல." பெண் புல்லைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த பதிலை வெள்ளிக்கிழமையே சொல்லிவிட்டேன், அது எடுபடவில்லை.

தங்கக் கோயிலுக்குப் போக வழியில்லை. அங்கே வெறுங்காலில் வெகுதூரம் நடக்க வேண்டும், அந்தக் குதிகாலை வைத்துக்கொண்டு அது நடக்காத காரியம். என் திட்டத்தில் கடைசியாக வைத்திருந்த பெரிய அயிட்டமே அதுதான். அத்தனை தங்கத்தையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால் யார் மனசும் இளகும் என்று நம்பியிருந்தேன். "வீட்டுக்குப் போய்டலாம்" என்று நான் சொன்னபோது பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. இனிமேல் காட்ட ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்கும் தெரியும். பஸ்ஸில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

திட்டப்படி போயிருந்தால் ராத்திரிதான் ஊர் திரும்பியிருப்போம். சீக்கிரம் கிளம்பியதால் ஆம்பூரில் இறங்கும்போது வெளிச்சம் மங்குகிற நேரம். கம்பெனி விடுகிற நேரம்.

நான் தினமும் அதற்கு நடுவில் இருக்கிறவள், அதனால் எனக்கு அது கண்ணில் படுவதே இல்லை. ரோடு முழுக்கப் பெண்கள். ஒரு கம்பெனி பஸ் பின்னால் இன்னொரு கம்பெனி பஸ், ஜன்னலுக்கு ஜன்னல் பெண்கள். நடந்து வருகிறவர்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வந்தார்கள். பர்தா போட்டவர்கள், பொட்டும் பூவும் வைத்தவர்கள், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டவர்கள், எல்லார் கழுத்திலும் கம்பெனி அடையாள அட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஒருத்தி போனில் புருஷனைத் திட்டிக்கொண்டு போனாள். நாலு பேர் ஒரு பொட்டலம் பகோடாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். லாரிக்காரர் ஹாரன் அடித்தார், ஒருத்தியும் அசையவில்லை. அவர்தான் நின்றார்.

அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன விசேஷம் இன்னிக்கு? திருவிழாவா?"

"விசேஷம் ஒண்ணும் இல்ல. வேல முடிஞ்சி வீட்டுக்குப் போறாங்க."

"தெனமுமா?"

"ஞாயித்துக்கிழம தவிர."

அதற்குள் என் லைன் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். "இன்னாக்கா, லீவப் போட்டுட்டு ஊர் சுத்துறியா?" என்று ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி நேராக அந்தப் பெண்ணிடம் வந்து கன்னத்தைத் தொட்டு, "இதான் ஆக்ரா பொண்ணா? திங்கக்கெழம காலைல ரெடியா இரு தங்கச்சி. உங்க தெருமுனையில பஸ் நிக்கும். ஜன்னல் சீட்டு உனக்குத்தான்" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அந்த அம்மா கேட்டார். நான் உருதுவில் சொன்னேன். அவர் வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். நீல வார், சிவப்பு வார், தேய்ந்த வார், எல்லாம் ரப்பர் செருப்பு. தன் காலையும் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அந்த நேரத்தில் வந்த பெருமையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோட்டையை யாரோ ராஜா கட்டினார், தங்கக் கோயிலை யாரோ கட்டினார்கள். இது நாங்கள். நானும் ஒரு காலத்தில் பயந்து பயந்து வேலைக்கு வந்தவள்தான். அப்போது இந்த ரோட்டில் இவ்வளவு பேர் இல்லை. நாங்கள் நடந்து நடந்துதான் இந்த ரோட்டை இப்படி ஆக்கினோம்.

வீட்டுக்குப் பத்து நிமிஷ நடை. கொஞ்ச தூரம் போன பிறகுதான் கவனித்தேன், அந்த அம்மா பெண்ணின் மணிக்கட்டை விட்டிருந்தார். பெண் எங்களுக்கு முன்னால் ஜன்னல் சீட்டு தருவதாகச் சொன்னவளோடு கை ஜாடையில் பேசிக்கொண்டு போனாள். அவள் தமிழில் சொன்னதும் இவள் இந்தியில் சொன்னதும் இருவருக்கும் புரியவில்லை, இருந்தும் தெருமுனை வரைக்கும் பேச்சு நிற்கவில்லை.

வீட்டில் என் வீட்டுக்காரர் டீ போட்டு வைத்திருந்தார். "இன்னாச்சு, சீக்கிரமே வந்துட்டீங்க?" என்றவர் என் முகத்தைப் பார்த்து மேலே கேட்கவில்லை. அந்த அம்மா டீயைக் குடித்து முடித்தார். கை, கால் கழுவிக்கொண்டு வந்தார். செருப்பு சுற்றியிருந்த பேப்பர் என் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதை உருவித் தரையில் போட்டுக் கையால் நீவினார். பிளாஸ்திரி ஒட்டிய காலை அதன் மேல் அழுத்தி வைத்து, எழுந்து நேராக நின்றார். பெண்ணைக் கூப்பிட்டார்.

"பென்சில் எடுத்துட்டு வா. என் காலச் சுத்தி வரஞ்சிக்கோ."

பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"இவங்க லைன் தையல் நல்லா இருக்குது. அச்சுதான் நம்ம காலுக்கு ஆகல" என்றார். "நீதானே பேட்டர்ன் போட வந்திருக்கிற? எனக்குன்னு ஒண்ணு போடு. தீபாவளிக்கு நான் மறுபடி வர்றப்போ ரெடியா இருக்கணும். நாளைக்கு ரயிலுக்கு நான் மட்டும் போறேன்."

பெண் ஓடிப்போய்ப் பென்சிலோடு வந்து தரையில் மண்டியிட்டாள். அவசரத்தில் கோடு முதலில் கோணலாகப் போனது. அவள் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். ஃபேன் காற்றில் பேப்பர் பறக்கப் பார்த்தது. நான் எதிரே உட்கார்ந்து இரண்டு கையாலும் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.